தரையே கூடாக வாழும் உயிர்கள்: அரிட்டாபட்டி தரும் பாடம்

அறங்களுள் தலையாயது கொல்லாமை என்பது நம் சமயத்தின் அடித்தளம். அதனை நாம் நாள்தோறும் ஓதுகிறோம். உண்ணும் உணவிலும், வடிகட்டிப் பருகும் நீரிலும், கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்ளும் வழக்கத்திலும் அதனைக் காத்து வருகிறோம். ஆயினும் இல்லத்திற்கும் ஆலயத்திற்கும் அப்பால், ஒரு மலையடிவார நிலம் முழுவதும் சுரங்கத்திற்காக ஏலம் விடப்படும்போது அவ்வறம் நம்மிடம் எதனை எதிர்பார்க்கிறது என்று நாம் ஆழ்ந்து எண்ணியதுண்டா? இம்முறை அவ்வினாவையே நம் பாடமாகக் கொள்வோம். அதற்கு எடுத்துக்காட்டாக, நம் முன்னோரான துறவியர் உறைந்த மலைகளைக் கொண்ட ஓர் ஊரையே எடுத்துக்கொள்கிறோம்.

மலையும் அதன் பழமையும்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி என்னும் சிற்றூர் உள்ளது. ஏழு குன்றுகள் தொடராகச் சூழ்ந்த ஊர் அது. அங்குள்ள கழிஞ்சமலையில் இயற்கைக் குகைத்தளமும், அதன் முகப்பில் பழந்தமிழ் எழுத்தில் பொறித்த கல்வெட்டும் உள்ளன. அருகிலேயே பாறையில் புடைப்புச் சிற்பமாகத் தீர்த்தங்கரர் திருமேனி ஒன்று விளங்குகிறது. அதனைச் செய்வித்தவர் அச்சணந்தி முனிவர் என்று அதன் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு கூறுகிறது. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும், அங்கே தமிழகத்தில் அரிதாகக் காணப்படும் இலகுலீசர் சிற்பமும் இவ்வூரில் உள்ளன. பல சமயத்தாரும் ஒரே மலையைப் போற்றி வந்தனர் என்பதற்கு இவை சான்று.

இவ்வூரை அடுத்த மீனாட்சிபுரத்து மலையில் உள்ளவையே புகழ்பெற்ற மாங்குளம் கல்வெட்டுகள். 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சீவல் இவற்றைக் கண்டறிந்தார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என ஐராவதம் மகாதேவன் கணித்த இக்கல்வெட்டுகள், கணி நந்தாசிரியன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதி உறைவிடம் அமைத்துக் கொடுத்ததைக் கூறுகின்றன. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினர் அளித்த கொடையும் அவற்றில் இடம்பெற்றுள்ளது.

இங்கே ஒன்றை நாம் கருதிப் பார்க்க வேண்டும். அன்றும் அம்மலையில் உளி பட்டது. ஆனால் அது வெட்டியது, ஓர் ஆள் படுக்கும் அளவான வழவழப்பான படுக்கையும், மழைநீர் உள்ளே வழியாதவாறு தடுக்கும் ஒரு விளிம்பும் மட்டுமே. மலை மலையாகவே நின்றது. மலையில் இருந்த உயிர்களும் இருந்தவாறே இருந்தன. தேவைக்கு மேல் எடாமை என்னும் நோன்பு கல்லிலேயே எழுதப்பட்டிருப்பதை அங்கே காணலாம்.

2022ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தமிழ்நாடு அரசு, அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் உள்ள ஏறத்தாழ 193 எக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் இவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுவே. 72 ஏரிகள், 200 ஊற்றுகள், 3 தடுப்பணைகள் இப்பகுதிக்கு உரியவை எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியுள்ளன. இலகடு வல்லூறு, ஷாகின் வல்லூறு, இராசாளிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளும், அழுங்கு எனப்படும் எறும்புத்தின்னியும், தேவாங்கும், மலைப்பாம்பும் அவ்வறிவிப்பிற்குக் காரணமான சிறப்புகளுள் அடங்கும்.

ஏலமும் அதன் நீக்கமும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்னும் பெயரில் 2,015.51 எக்டேர் நிலப்பரப்பிற்கான ஏலத்தின் முடிவை நடுவண் சுரங்க அமைச்சகம் வெளியிட்டது. கனிமத்தை ஆராயவும், பின்னர் வெட்டியெடுக்கவும் சேர்த்து வழங்கப்படும் கூட்டு உரிமத்திற்கான ஏலம் அது. பாரம்பரியத் தலமும் அப்பரப்பினுள் அடங்கியிருந்தது. செய்தி பரவியதும் சுற்றியுள்ள ஊர்களின் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9ஆம் நாள் தமிழ்நாடு சட்டப்பேரவையும் உரிமத்தை நீக்க வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கிப் பல்லாயிரவர் பேரணியாகச் சென்றனர். ஜனவரி 23ஆம் நாள் அவ்வேலம் நீக்கப்பட்டதாக நடுவண் அரசு அறிவித்தது.

மக்கள் ஒன்றுபட்டு அறவழியில் நின்று பெற்ற இவ்வெற்றி போற்றத்தக்கது. எனினும் வெற்றியோடு பாடம் முடிந்துவிடவில்லை. ஏலம் நடந்த பரப்பையும் பாதுகாக்கப்பட்ட பரப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2,015 எக்டேரில் பாரம்பரியத் தலம் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. எஞ்சிய ஒன்பது பங்கு நிலத்தில் வாழ்ந்தவை எவை? அவற்றின் பெயரால் பேசியவர் யாவர்?

தரையில் வாழும் பறவைகள்

பறவை என்றதும் மரமும் கிளையும் கூடும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் மதுரைப் பகுதி போன்ற வறண்ட நிலங்களில் வாழும் பறவைகள் பலவற்றிற்கு மரம் வேண்டுவதில்லை. தரையே அவற்றின் வீடு.

ஆள்காட்டிக் குருவியை அறியாத சிற்றூரார் இல்லை. மனிதர் நெருங்கியதும் கூவி எச்சரிக்கும் இப்பறவை கூடென்று ஒன்றைக் கட்டுவதே இல்லை. வெட்டவெளியில் ஒரு சிறு பள்ளம், அதனைச் சுற்றிச் சில கூழாங்கற்கள், நடுவே பெரும்பாலும் நான்கு முட்டைகள், அவ்வளவே. முட்டையின் நிறம் மண்ணோடு மண்ணாக ஒன்றியிருக்கும். கோடை வெயிலில் நிலம் கொதிக்கும்போது, தாய்ப்பறவை நீர்நிலைக்குச் சென்று தன் வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கிறது. எனவே முட்டையிட்ட இடத்திற்கு அருகில் நீர் இருத்தல் அதற்கு இன்றியமையாதது.

பக்கிக்குருவி இரவில் திரிந்து பூச்சிகளை உண்பது. பகலில் சருகின் நடுவே சருகாகக் கண்மூடிக் கிடக்கும். பள்ளம்கூடத் தோண்டாமல் வெறுந்தரையிலேயே இரண்டு முட்டைகளை இடுவது இதன் இயல்பு. கௌதாரியும் காடையும் புதரடியிலும் புல்லிடையிலும் முட்டையிடுகின்றன. வானம்பாடி வானில் பாடினாலும், அதன் கூடு புல்வேரின் ஓரத்தில்தான் இருக்கிறது. மயிலும் அத்தகையதே. நம் நாட்டுப் பறவையாக 1963இல் ஏற்கப்பட்ட மயில் இரவில் மரத்தில் தங்கினாலும், முட்டையிடுவது தரையில்தான்.

மயிலைப் பற்றிப் பேசும்போது மயிற்பீலியை நாம் மறக்கலாகாது. நம் திகம்பர முனிவர்கள் கையில் கொள்ளும் பீலி, மயில் தானாக உதிர்த்த இறகுகளால் ஆனது. அமருமுன் அவ்விடத்துச் சிற்றுயிர்களை மெல்ல விலக்க அது பயன்படுகிறது. ஒரு பறவை உதிர்த்ததைக் கொண்டு மற்றோர் உயிரைக் காக்கும் கருவி அது. அக்கருவியை வணங்கும் நாம், அதனை அளித்த பறவை எந்த மண்ணில் முட்டையிடுகிறது என்று அறியாதிருத்தல் தகுமா?

கோட்டிற்கு வெளியே உள்ளவை

வேட்டைப் பறவைகளான வல்லூறும் கழுகும் பாறை விளிம்புகளில் கூடமைக்கின்றன. அப்பாறைகள் பாரம்பரியத் தலத்தின் எல்லைக்குள் இருக்கின்றன. ஆனால் அவை இரை தேடுவது சுற்றியுள்ள புதர்க்காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் கண்மாய்க் கரையிலும். கௌதாரியும் முயலும் ஓணானும் வாழும் நிலம் அழிந்தால், பாறை மட்டும் எஞ்சியிருந்து பயனில்லை. கலத்தைக் காத்துவிட்டு உணவைக் கொட்டிவிட்டது போலாகும். உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாக வாழ்வன என்னும் நம் தத்துவம் இங்கே கண்கூடாக விளங்குகிறது.

அரசுப் பதிவேடுகளில் இத்தகைய நிலங்கள் பெரும்பாலும் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் குறிக்கப்படுகின்றன. உழவு இல்லாத நிலம் என்பதே அச்சொற்களின் கருத்து. ஆனால் உயிர் இல்லாத நிலம் என்று அவற்றைப் பொருள்கொண்டுவிடுகிறோம். மரம் நின்றால் எண்ணுகிறோம். வெட்டுவதற்கு ஒப்புதல் கேட்கிறோம். தரையில் கிடக்கும் முட்டையை எண்ணுவார் இல்லை. கண்ணுக்குப் புலப்படாதிருத்தலே அப்பறவைகளுக்கு இயற்கை அளித்த காவல். மனிதர் கணக்கெடுக்கும்போது அக்காவலே அவற்றிற்குக் கேடாக முடிகிறது.

சின்னங்களுக்கு உரிய காவலும் இத்தகையதே. நடுவண் அரசின் பாதுகாப்பில் உள்ள தொல்சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாட்டுப் பகுதி என 2010ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வகுத்துள்ளது. கல்வெட்டைக் காக்க 300 மீட்டர் உதவும். ஆனால் ஒரு கழுகின் இரைநிலம் அதற்குள் அடங்குவதில்லை.

சுரங்கம் எவ்வாறு கெடுக்கிறது?

குழி வெட்டப்படும் இடம் மட்டுமே அழியும் என்பது பலரின் எண்ணம். அது முழு உண்மையன்று. டங்ஸ்டன் தாதுக்களில் அவ்வுலோகத்தின் அளவு பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆகவே வெட்டி நொறுக்கப்படும் பாறையில் ஏறத்தாழ முழுவதும் கழிவாகக் குவிகிறது. அக்குவியலுக்கும், அரைத்த மண்கூழைத் தேக்கும் குட்டைக்கும், வண்டிப் பாதைக்கும், பணியாளர் குடியிருப்பிற்கும் தனித்தனியே நிலம் வேண்டும். மேடுபள்ளம் இல்லாத வெட்டவெளியே அவற்றிற்கெல்லாம் ஏற்றது. அதுவே தரைப்பறவைகளின் இல்லமும் ஆகும்.

சுரங்கம் தோண்டுவதற்கு முன்பே தீங்கு தொடங்கிவிடுகிறது. ஆழ்துளையிடும் பொறிகளைக் கொண்டுசெல்லப் புதிய பாதைகள் வெட்டப்படுகின்றன. இரவில் சூடான பாதையில் அமரும் பழக்கமுடைய பக்கிக்குருவி, வண்டியின் ஒளியில் கண்கூசிச் சக்கரத்தில் அகப்படுகிறது. கிளைவிட்டுக் கிளை தொற்றிச் செல்லும் தேவாங்கிற்கு மரங்களின் இடையே அகன்ற பாதை கடக்கவியலாத அகழியாகிறது. முகாம்களின் எச்சில் உணவை நாடி நாய்களும் காக்கைகளும் பெருகி, தரையிலுள்ள முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்கின்றன. வெடி அதிர்ச்சியால் பாறைக் கூடுகளைப் பறவைகள் கைவிடுகின்றன. குழியில் ஊறும் நீரை இடைவிடாது இறைப்பதால் நிலத்தடி நீர் இறங்குகிறது. ஊற்று வற்றினால் உழவரின் வயலும் வற்றும். வயிற்றை நனைத்துச் செல்ல வந்த ஆள்காட்டியும் ஏமாந்து திரும்பும்.

மறுபக்கத்தையும் காண்போம்

ஒரு பொருளை ஒரு பக்கமாக மட்டும் நோக்கி முடிவு கூறுதல் அநேகாந்த நெறிக்கு ஏற்புடையதன்று. டங்ஸ்டன் பயனற்ற உலோகம் அன்று. 3,400 பாகை செல்சியசிற்கு மேல்தான் அது உருகும். இரும்பை வெட்டும் கருவிகளின் முனை, துளையிடும் பொறி, மருத்துவக் கதிர்க்கருவி எனப் பலவற்றிற்கும் அது தேவைப்படுகிறது. 2023ஆம் ஆண்டில் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, நாட்டிற்கு மிக இன்றியமையாத 24 கனிமங்களுள் ஒன்றாக இதுவும் சேர்க்கப்பட்டு, அவற்றின் ஏல அதிகாரம் நடுவண் அரசிடம் சென்றது. நாமும் அக்கருவிகளால் செய்த பொருள்களைப் பயன்படுத்துகிறோம். நம் இல்லங்களின் பளபளப்பான கருங்கல் தரையும் ஏதோ ஒரு குன்றிலிருந்து வந்ததுதான். நம்மவருள் கல் வணிகம் செய்வோரும் உண்டு.

ஆகவே, சுரங்கமே கூடாது என்று எளிதாகச் சொல்லிவிட்டு அகல்வது நமக்கு அழகன்று. நம் நூல்கள் இல்லறத்தார்க்கு வேறு வழி காட்டுகின்றன. துறவியர்க்கு உரியது மாவிரதம். சிராவகர்க்கு உரியது அணுவிரதம். தவிர்க்கவியலாத தீங்கிற்கும் தவிர்க்கக்கூடிய தீங்கிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அவை வற்புறுத்துகின்றன. பயனின்றிச் செய்யும் தீங்கினை அனர்த்த தண்டம் எனத் தனியே பிரித்து விலக்கச் சொல்கின்றன. நிலத்தை அகழ்ந்து வாழும் தொழிலை, சிராவகர் விலக்கத்தக்க பதினைந்து தொழில்களுள் ஒன்றாக வைத்து எண்ணும் மரபும் உண்டு. அவ்வாறாயின் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: இக்கனிமம் உண்மையில் தேவையா? பழைய உலோகத்தை மீண்டும் உருக்கிப் பயன்கொள்ள இயலாதா? தேவையெனின் இவ்விடந்தான் வேண்டுமா? இம்மூன்றிற்கும் நேர்மையான விடை கிடைக்குமுன் மண்வெட்டியை எடுத்தல் அறமாகாது.

சட்டம் கூறுவது

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்னும் சொல்லுக்குக் கொல்லுதல் என்று மட்டும் பொருள் கூறவில்லை. காக்கப்பட்ட பறவைகளின் முட்டையைச் சிதைத்தலும், எடுத்தலும், கூட்டைக் கலைத்தலும்கூட வேட்டையே என்று அது வரையறுக்கிறது. பல்லுயிர்ப் பன்மயச் சட்டம் 2002இல் வந்தது. பாரம்பரியத் தலங்களை அறிவிக்க வழிசெய்ததும், ஊர்தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவும் வகை செய்ததும் அச்சட்டமே.

ஆயினும் விழிப்பு தளரலாகாது. நாயக்கர்பட்டி ஏலம் நீக்கப்பட்டதேயன்றி, இன்றியமையாக் கனிமங்களின் பட்டியலிலிருந்து டங்ஸ்டன் நீக்கப்படவில்லை. மேலும் 2025 செப்டம்பரில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்களுக்கும் இன்றியமையாக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களைப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கியுள்ளது. ஊர்மக்கள் எழுந்து நின்று பேசுவதற்கு இருந்த ஒரு வாயில் இவ்வாறு அடைபட்டிருப்பதால், முன்கூட்டியே எழுதி வைக்கும் பதிவுகளுக்கு முன்னிலும் மதிப்பு மிகுதி. எழுதப்படாத உயிர், இல்லாத உயிராகவே கொள்ளப்படும்.

நான்கு முழ நோக்கு

நம் முனிவர்கள் நடக்கும்போது முன்னே நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி, உயிர்கள் இல்லாத இடம் பார்த்து அடி வைப்பர். ஈர்யா சமிதி என்பது இதன் பெயர். மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் மிகுவதால் ஓரிடத்திலேயே தங்கிவிடுவர், அது சாதுர்மாசியம். இவ்விரு நோன்புகளிலும் ஒரு தெளிவான அறிவு பொதிந்துள்ளது. முதலாவது, அடி வைக்குமுன் பார்த்தல். இரண்டாவது, உயிர்கள் பெருகும் பருவத்தில் ஒதுங்கி நிற்றல்.

சுரங்கமோ, சாலையோ, காற்றாலையோ எங்கேனும் அமைய வேண்டியிருப்பின், அதற்கும் இவ்விரண்டே நெறி. அடி வைக்குமுன் பார்த்தல் என்றால், ஓராண்டு முழுவதும், எல்லாப் பருவங்களிலும், பகலிலும் இரவிலும் நிலத்தை ஆராய்தல். இரண்டு நாள் நடந்து எழுதிய அறிக்கை பக்கிக்குருவியைக் காணாது. பருவத்தில் ஒதுங்குதல் என்றால், முட்டையிடும் மாதங்களில் நிலத்தைத் திருத்தாமலும் வெடி வைக்காமலும் இருத்தல். மரத்தை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதாகச் சொல்வார் உண்டு. தரையில் உள்ள கூட்டை அவ்வாறு பெயர்க்க இயலாது. ஆதலின் முதலில் தவிர்த்தல், இயலாவிடில் குறைத்தல், இறுதியிலேயே ஈடுசெய்தல் என்னும் வரிசை மாறலாகாது.

நாம் செய்யத்தக்கவை

மதுரைச் சமணர்மலை, கழுகுமலை, சித்தன்னவாசல், திருமலை, வள்ளிமலை என நம் திருத்தலங்கள் பலவும் இத்தகைய வறண்ட பாறைக் குன்றுகளே. அங்குச் செல்வோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

முதலாவதாக, படிவழியையும் ஒற்றையடிப் பாதையையும் விட்டு விலகிப் புதர்களிடையே நடவாதிருத்தல். ஒரு பறவை அடிபட்டது போல் இறகைத் தொங்கவிட்டு நம் முன்னே தத்தினால், அதன் முட்டையோ குஞ்சோ நம் காலருகில் உள்ளது என்று உணர்ந்து வந்த வழியே திரும்புக.

இரண்டாவதாக, விழாக் காலங்களில் குன்றின்மேல் ஒலிபெருக்கியும் வெடியும் தவிர்த்தல். உணவுப் பொருளையும் ஞெகிழிப் பைகளையும் விட்டு வாராதிருத்தல். எஞ்சிய உணவை உயிர்களுக்கு இடுவதாக எண்ணி மலையில் கொட்டுவது, முட்டை தின்னும் காக்கைக்கும் நாய்க்கும் இடும் அழைப்பாக முடியும்.

மூன்றாவதாக, நம் ஊரின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அணுகி, மக்கள் பதிவேட்டில் தரைப்பறவைகளின் பெயர், கண்ட இடம், முட்டையிடும் மாதம் ஆகியவற்றைச் சேர்க்கச் செய்தல். ஆடு மேய்ப்போரும் உழவரும் இதனை நம்மினும் நன்கு அறிவர். அவர்களிடம் கேட்டு எழுதுதல் நம் இளைஞர்க்குத் தக்க பணி.

நான்காவதாக, வீடு கட்டும்போது கருங்கல் தரை வேண்டுமா என ஒருமுறைக்கு இருமுறை எண்ணுதல். கல், கனிம வணிகம் செய்யும் அன்பர்கள், தாம் பொருள் பெறும் குன்றிற்கு முறையான ஒப்புதல் உண்டா என்று கேட்டறிதல். வெள்ளறை வணிகர் மலையில் தேடியது செல்வம் அன்று, துறவியர்க்கு நிழல்.

சிந்தனைக்கு

இப்பாடத்தை இல்லத்திலும் அறநெறி வகுப்பிலும் படிப்போர் கீழ்க்காணும் வினாக்களைத் தமக்குள் ஆராய்க.

1. நம் ஊரில் தரிசு என்று வழங்கும் நிலம் எது? அங்கே கூடமைக்கும் பறவைகள் எவை?

2. ஒரு மலையின் சிற்பத்தைக் காத்து, அதன் அடிவார நிலத்தைக் கைவிடுவதால் நேர்வது என்ன?

3. நாம் ஓராண்டில் பயன்படுத்தும் கனிமப் பொருள்களுள் தவிர்க்கக்கூடியவை எவை?

அரிட்டாபட்டியின் கற்படுக்கைகளில் உறைந்தோரின் பெயர்கள் பலவும் நமக்குத் தெரியவில்லை. அவர்கள் அடிக்கு அடி நிலம் பார்த்து நடந்தனர் என்பது மட்டும் தெரியும். அவர்கள் மிதியாது காத்த முட்டைகளின் வழிவந்த ஆள்காட்டிகளும் கௌதாரிகளும் அந்நிலத்தில் இன்றும் கூவுகின்றன. அக்குரல் அடங்காதிருக்கச் செய்வது, அவர்தம் அறத்தை ஏற்றுக்கொண்ட நம் கடமை.

எல்லா உயிரும் இனிது வாழ்க! கொல்லா நெறி எங்கும் ஓங்குக!